பேய் மாதத்தில் தைவான்

தைவான் போகிறேன் என்றதும் சொந்தக்காரர்களில் பாதிப் பேர் தாய்லாந்து என்றே காதில் வாங்கிக்கொண்டு ஒரு மாதிரியாகச் சிரித்தார்கள். இல்லை, கம்ப்யூட்டர் சிப் செய்கிற ஊர் என்று விளக்கினால், "அங்கெல்லாம் சாமி கும்பிடுவாங்களா?" என்பது அடுத்த கேள்வி. கும்பிடுகிறார்கள். நம்மைவிடக் கூடுதலாகவே கும்பிடுகிறார்கள் என்பது நான் ஊர் சுற்றிப் பார்த்தபின் வந்த முடிவு.

போனது ஆகஸ்டில். அவர்களுடைய சந்திர நாட்காட்டியில் அது ஏழாம் மாதம், அதாவது பேய் மாதம். அந்த மாதம் முழுக்கக் கீழுலகத்தின் கதவு திறந்திருக்கும், இறந்தவர்கள் ஊருக்குள் வந்து உலாத்துவார்கள் என்று நம்பிக்கை. தைபேயில் வங்கி வாசல், மருந்துக்கடை வாசல், கைப்பேசிக் கடை வாசல் என்று எங்கே பார்த்தாலும் ஒரு மடக்கு மேசை. மேலே பிஸ்கட், சிப்ஸ், கப் நூடுல்ஸ், கோக், பீர் டின். ஒவ்வொன்றிலும் ஒரு ஊதுவத்தி செருகியிருக்கிறது. பக்கத்தில் பேசினில் தண்ணீரும் ஒரு துண்டும். தூரத்திலிருந்து வருகிற விருந்தாளி முகம் கழுவ வேண்டாமா? தகர டின்னில் காகிதப் பணம் எரிந்துகொண்டிருக்க, மேலாளர் முதல் ஆளாக நின்று கும்பிடுகிறார், ஊழியர்கள் பின்னால். முடிந்ததும் சிப்ஸ் பாக்கெட்டுகளைப் பங்கு போட்டுக்கொண்டு அவரவர் நாற்காலிக்குப் போய்விடுகிறார்கள். ஆயுத பூஜையன்று பொரிகடலைப் பொட்டலத்தோடு அலுவலகத்திலிருந்து வீடு திரும்பியவர்களுக்கு இதில் அந்நியமாக எதுவும் தெரியாது.

பேய் என்ற சொல்லை அந்த மாதத்தில் வாயில் எடுப்பதில்லை. 'நல்ல சகோதரர்கள்' என்கிறார்கள். அம்மை போட்டால் "ஆத்தா வந்திருக்கா" என்று சொல்கிற வீட்டில் வளர்ந்த எனக்கு யாரும் காரணம் விளக்க வேண்டியிருக்கவில்லை. ராத்திரி விசிலடிக்கக் கூடாது, துணி வெளியே காயக் கூடாது, ஆறு கடலில் இறங்கக் கூடாது, கல்யாணம் கூடாது, வீடு மாறக் கூடாது. சரி, இது அப்படியே நம் ஆடி மாதம்தானே? ஆடித் தள்ளுபடிக்கும் அங்கே ஒரு பங்காளி உண்டு. படையலுக்கு வாங்குகிற பிஸ்கட்டுக்கும் பீருக்கும் சூப்பர் மார்க்கெட்டுகள் போட்டி போட்டு விலை குறைக்கின்றன. மாதம் எத்தனை கெட்டதாக இருந்தாலும் வியாபாரிக்கு அது நல்ல மாதம்.

கீலுங் என்ற துறைமுக ஊரில் இந்த மாதத்துத் திருவிழா ரொம்பப் பிரபலம். சீனாவின் ஜாங்ஜோவ், சுவான்ஜோவ் பகுதிகளிலிருந்து குடியேறிய இரண்டு கூட்டத்தார் 1850களில் அங்கே வெட்டிக்கொண்டு செத்திருக்கிறார்கள். அப்புறம் பெரியவர்கள் கூடிப் பேசி, இனி ஊர்வாரியாகச் சண்டை வேண்டாம், குலப்பெயர்வாரியாக ஆண்டுக்கு ஒரு குலம் திருவிழாவை ஏற்று நடத்தட்டும் என்று வைத்தார்களாம். நம் கோயில் மண்டகப்படி போலத்தான். யார் செலவு பெரியது என்பதில் போட்டி வந்தது, கத்தி உள்ளே போனது. பௌர்ணமிக்கு முந்தைய இரவு காகித வீடுகளைக் கடலில் இறக்கித் தீ வைக்கிறார்கள். யாருடையது அதிக தூரம் மிதக்கிறதோ அந்தக் குலத்துக்கு அந்த ஆண்டு யோகம்.

தைபேயின் லுங்ஷான் கோயில் 1738இல் கட்டப்பட்டது. அங்கே சாமியிடம் கேள்வி கேட்க, பிறை வடிவில் இரண்டு மரத்துண்டுகள் இருக்கின்றன. ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் புடைப்பு. மனதுக்குள் கேட்டுவிட்டுக் கீழே போட வேண்டும். ஒன்று தட்டையாகவும் மற்றது புடைப்பாகவும் விழுந்தால் சம்மதம். இரண்டும் புடைப்பு மேலாக விழுந்தால் இல்லை. இரண்டும் தட்டை மேலாக விழுந்தால் சாமி சிரிக்கிறார் என்று அர்த்தம்; கேள்வியை ஒழுங்காகக் கேள் என்கிறார். பூக்கட்டிப் பார்க்கிற நம் வழக்கத்தில் இந்த மூன்றாவது பதில் இல்லாதது எனக்குக் குறையாகவே படுகிறது. சிங்டியன் கோயிலில் நீல அங்கி போட்ட பெண்கள் வரிசையில் நிற்பவர்களுக்குப் பயம் தெளிய மந்திரிக்கிறார்கள். மடிக்கணினிப் பையோடு நிற்கும் இளைஞர்களும் அந்த வரிசையில் உண்டு. ஒரே வித்தியாசம், புகை. ஊருக்குள் காற்று கெடுகிறது என்று 2014இல் அந்தக் கோயில் ஊதுவத்தியையே நிறுத்திவிட்டது. பக்தர்கள் வெறுங்கையோடு கும்பிட்டுவிட்டுப் போகிறார்கள். நம் ஊரில் ஒரு கோயிலில் கற்பூரத்தை நிறுத்தினால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். வேண்டாம், விடுங்கள்.

என் சித்தப்பா மகன் சிஞ்சுவில் ஆராய்ச்சி மாணவன். சிப் தொழிற்சாலைகளின் ஊர் அது. அவனுடைய ஆய்வகத்தில் விலை உயர்ந்த ஓர் இயந்திரத்தின் தலையில் பச்சை நிறத் தின்பண்டப் பாக்கெட் ஒன்று உட்கார்ந்திருந்தது. பசியில் கை நீட்டினேன். "அண்ணே, அதைத் தொடாதீங்க, மெஷின் நின்னுடும்" என்று பாய்ந்து வந்தான். அந்தப் பாக்கெட்டின் பெயர் குவாய் குவாய், தேங்காய்ச் சுவை கொண்ட சோளப்பொரி. அந்தப் பெயருக்குச் சமர்த்தாக இரு என்று பொருள் என்பதால், இயந்திரம் அடம்பிடிக்காமல் ஓட அதை வைக்கிறார்கள். பச்சைப் பாக்கெட்தான் வேண்டும், மஞ்சளும் சிவப்பும் ஆகாது. காலாவதித் தேதி தாண்டும் முன்பே மாற்றிவிட வேண்டும். யாரும் தின்றுவிடக் கூடாது. சர்வர் அறைகளிலும் இதைத்தான் வைக்கிறார்களாம். ராக்கெட் விடுமுன் அதன் மாதிரியைத் திருப்பதிக்கு எடுத்துப்போகிற நாட்டிலிருந்து வந்தவன் நான். சிரிக்க எனக்கு உரிமை இல்லை. ஆனால் ஒன்று, அவன் ஆய்வகத்தில் இதற்காக யாரும் வெட்கப்பட்டதாகத் தெரியவில்லை. நம்மவர்கள் எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்தின் கீழே வைத்துவிட்டு, "சும்மா ஒரு சம்பிரதாயம்தான்" என்று இங்கிலீஷில் மழுப்புவார்கள்.

ஆக, நம்பிக்கையில் அவர்களும் நாமும் கிட்டத்தட்டச் சம்பந்திகள். வேறுபாடு எங்கே என்று கேட்டால் குப்பையில் என்பேன்.

சாயங்காலம் ஆனதும் தெருவில் பீத்தோவன் இசை கேட்கும். குப்பை லாரி வருகிறது. வீட்டு வாசலில் பையை வைத்துவிட்டுப் போகும் கதையெல்லாம் கிடையாது. குப்பை தரையைத் தொடக்கூடாது என்பது விதி. லாரி வரும்போது ஆளே இறங்கி வந்து கையால் போட வேண்டும். தைபேயில் அதற்கென்று மாநகராட்சியின் நீலப் பை இருக்கிறது, 2000ஆம் ஆண்டு முதல் அதைக் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். எவ்வளவு குப்பையோ அவ்வளவு செலவு. பின்னால் வருகிற இன்னொரு லாரியில் பாட்டில், காகிதம், பிளாஸ்டிக் எல்லாம் தனித்தனியாக. சமைத்த மிச்சத்துக்கு ஒரு வாளி, காய்கறித் தோலுக்கு ஒரு வாளி. இந்தக் கெடுபிடியில் யாரும் சிடுசிடுக்கவில்லை. லாரிக்காகக் காத்திருக்கிற பத்து நிமிடத்தில் பாட்டிகள் தெரு வம்பை முழுசாக முடித்துவிடுகிறார்கள். நம் ஊர்க் குப்பை வண்டியும் பாட்டுப் போட்டுக்கொண்டுதான் வருகிறது. நாம் பாட்டை ரசிக்கிறோம், குப்பை காலி மனையில் கிடக்கிறது.

மெட்ரோ ரயிலில் தண்ணீர் குடித்தாலும் தப்பு. 1,500 தைவான் டாலரிலிருந்து அபராதம். அந்த வெயிலில் இது கொஞ்சம் அதிகம்தான்.

சைவச் சாப்பாட்டுக்குக் கவலைப்பட வேண்டியதில்லை. பௌத்தர்கள் நடத்தும் கடைகளில் வெங்காயம், பூண்டுகூடச் சேர்ப்பதில்லை. தட்டில் எடுத்துக்கொண்டு போனால் எடை போட்டுக் காசு வாங்குகிறார்கள். பாட்டியைக் கூட்டிப்போயிருந்தால் மடியாகச் சாப்பிட்டிருப்பாள், உப்பு உறைப்பு இல்லை என்று ஒரு வாரம் திட்டியுமிருப்பாள்.

ஊருக்கு வெளியே நெடுஞ்சாலை ஓரத்தில் நியான் விளக்குப் போட்ட கண்ணாடிப் பெட்டிக் கடைகள் வருகின்றன. உள்ளே இளம்பெண்கள் அமர்ந்து பச்சைப் பாக்கைச் சுண்ணாம்பு சேர்த்து இலையில் மடிக்கிறார்கள். வாங்குகிறவர்கள் பெரும்பாலும் லாரி ஓட்டுநர்கள். நகரத்தார் முகம் சுளிக்கிறார்கள், வாய்ப்புற்றுநோய் என்று அரசு எச்சரிக்கிறது. நிச்சயதார்த்தத் தட்டில் முதலில் வைக்கிற பொருளை அங்கே அப்படி ஒரு கடையில் பார்ப்பது எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. அந்நாட்டின் பழங்குடி மக்களிடையே பாக்குக்கு நம்மைப் போலவே சடங்கு மரியாதை உண்டு.

கடைசியாக, பில். டீ வாங்கினாலும் அங்கே ரசீது தருகிறார்கள். அந்த ரசீது எண்ணே லாட்டரி எண். கடைக்காரர்கள் வரி ஏய்க்காமலிருக்க 1951இல் கொண்டுவந்த ஏற்பாடு. ஒற்றைப்படை மாதங்களில் 25ஆம் தேதி குலுக்கல், அதிகபட்சப் பரிசு ஒரு கோடி தைவான் டாலர், கடைசி மூன்று எண் பொருந்தினால் 200. பில் கேட்க மக்களுக்கு இதைவிட வேறு உபதேசம் வேண்டுமா? புதுச்சேரி உட்பட நம் நாட்டின் சில இடங்களிலும் 2023இல் இதே போன்று ஒன்றைத் தொடங்கினார்கள். தைவானில் என் கைக்கு வந்த ரசீதையெல்லாம் தம்பியிடம் கொடுத்து, விழுந்தால் பாதி எனக்கு என்று பேசிவிட்டு விமானம் ஏறினேன். குலுக்கல் முடிந்துவிட்டது. பயல் போனில் எல்லாம் பேசுகிறான், அதைப் பற்றி மட்டும் வாயே திறப்பதில்லை.