பொத்தியாரின் பக்கம் நின்று

உயர்தர வகுப்பில் எங்களுக்குப் புறநானூறு படிப்பித்த ஆசிரியர் உரைநூலைத் திறக்கமாட்டார். பாட்டை இரண்டுமுறை சத்தமாக வாசித்துவிட்டு, "இதை ஆர் ஆருக்குச் சொல்லுறார்?" என்பார். பதில் தெரியாதவர் எழுந்து நிற்க வேண்டும். நான் நிறையவே நின்றிருக்கிறேன்.

கோப்பெருஞ்சோழன் கதை எங்களுக்கு அப்படித்தான் மனத்தில் பதிந்தது. பிள்ளைகளோடு பகை, போருக்கு எழுந்தவனைப் புலவர் புல்லாற்றூர் எயிற்றியனார் தடுக்கிறார், வடக்கிருக்க, அதாவது வடக்கு நோக்கி அமர்ந்து உண்ணாமல் உயிர் விட, துணிகிறான். ஒருநாளும் கண்டறியாத பாண்டிநாட்டுப் புலவர் பிசிராந்தையார் வருவார் என்கிறான். சுற்றி நிற்பவர்கள் நம்பவில்லை. "செல்வக் காலை நிற்பினும் அல்லற் காலை நில்லலன்" (செல்வம் உள்ளபோது வராமல் நின்றாலும் துன்பத்தில் வராமல் நிற்கமாட்டார்) என்று உறுதியாகச் சொல்லி, அவருக்கு இடம் ஒதுக்கச் சொல்கிறான். அவரும் வந்து உடனிருந்து உயிர் விடுகிறார். நட்புக்குக் கூடிப் பழகவேண்டியதில்லை, உணர்வு ஒத்தால் போதும் என்னும் "புணர்ச்சி பழகுதல் வேண்டா" என்ற குறளுக்குப் பரிமேலழகர் காட்டும் எடுத்துக்காட்டும் இவர்கள்தான். நம் ஒன்றுகூடல்களில் மேடையேறுபவர்கள் இதை விடமாட்டார்கள். ஆண்டுக்கணக்கில் ஒருவரையொருவர் பாராமல் இருக்கும் நமக்கு இது மிக வசதியான குறள்!

ஆனால் வகுப்பில் சண்டை மூண்டது பொத்தியாரால். பரீட்சைக்கு வராதவர் என்று நாங்கள் தாண்டிப்போக இருந்த புலவர் அவர். அரசனுடனேயே வாழ்ந்தவர், உடன் வடக்கிருக்க வந்தவரை, "புதல்வன் பிறந்தபின் வா" என்று சோழன் திருப்பி அனுப்பிவிடுகிறான். பொத்தியாரின் மனைவி கருவுற்றிருந்தாள். ஊர் திரும்பி அவன் இல்லாத மன்றத்தைக் கண்டு அழுதது 220ஆம் பாட்டு: பல ஆண்டு சோறிட்டு வளர்த்த யானையை இழந்த பாகன், வெறுங் கட்டுத்தறியைப் பார்த்துக் கலங்குவதுபோல. பிள்ளை பிறந்தபின் மறுபடி வருகிறார். சோழன் அப்போது நடுகல். அந்தக் கல்லைப் பார்த்துத்தான் 222இல் "அன்பிலாள!" (அன்பில்லாதவனே!) என்று சினந்து, என் இடம் எது என்று கேட்கிறார்.

வகுப்பில் பாதிப்பேர் சோழன் நண்பனை அவமதித்துவிட்டான் என்றார்கள். பிறக்கப்போகும் பிள்ளையை நினைத்தானே, அதைவிட நட்பு வேறென்ன என்றோம் நாங்கள். பிசிராந்தையார் வந்தார், இருந்தார், முடிந்தது. பொத்தியாரோ வீட்டுக்குப் போய், உண்டு உறங்கி, சொன்ன சொல்லுக்காக உயிரோடிருக்க வேண்டியிருந்தது. எனக்கு இன்றும் இவர்தான் பெரிய நண்பர். அன்று எதிர்வாங்கிலிருந்து கத்தியவர்களும் இந்த மலரை வாசிப்பார்கள். மறுப்பிருந்தால் அடுத்த மலருக்கு எழுதட்டும்.