பிஷாபூர் காசு: இருபத்தேழா, முப்பத்தேழா?

போன வருஷம் ஒரு நாணயக் கண்காட்சியில் 4,800 ரூபாய் கொடுத்து ஒரு வெள்ளிக் காசு வாங்கினேன். கூடவே ஒரு சின்ன அட்டை வந்தது: "இரண்டாம் குஸ்ரோ, ஆண்டு 37, பிஷாபூர்." அட்டையை ஒதுக்கிவைத்துவிட்டு, அந்த மூன்றையும் காசிலிருந்தே நானாகப் படித்துவிட வேண்டும் என்று உட்கார்ந்தேன். ஒரு மாத வேலை என்று நினைத்தேன். எட்டு மாதம் ஆகிவிட்டது.

காசு அகலமானது, மெல்லியது. என் ஸ்கேலில் 31 மில்லிமீட்டர், நகைத் தராசில் 4.02 கிராம். பழைய பாரசீகத்தை ஆண்ட சாசானியர்களின் 'திரஹ்ம்' என்ற வெள்ளிக் காசு பெரும்பாலும் நாலு கிராமை ஒட்டித்தான் இருக்கும். (தமிழ்க் கல்வெட்டுகளில் வரும் 'திரமம்', அரபு நாடுகளின் 'திர்ஹம்', இந்தத் 'திரஹ்ம்' எல்லாவற்றுக்கும் மூலம் கிரேக்கத் 'திராக்மா'தான்.) தகடு இவ்வளவு மெல்லிசாக இருப்பதால், முன்பக்கம் அடித்த அச்சு பின்பக்கத்தில் நிழலாகத் தெரியும். முதல் வாரம் முழுக்க அந்த நிழலை எழுத்து என்று நினைத்து உருப்பெருக்கியை வைத்துக்கொண்டு முழித்தேன்.

இரண்டாவது வாரம் விபத்து. காசை மேஜையிலேயே விட்டுவிட்டு வெளியே போயிருந்தேன். திரும்பி வந்தால் பளபளவென்று மின்னுகிறது. "ஏன்டா வெள்ளியை இவ்வளவு கறுப்பா வெச்சிருக்க?" என்றாள் அம்மா. பூஜைச் சாமான்களோடு சேர்த்து இதையும் விபூதி போட்டுத் தேய்த்திருக்கிறாள். பள்ளங்களில் கறுப்பு படிந்திருந்தால்தான் எழுத்து எடுப்பாகத் தெரியும், பாதி போய்விட்டது. அவளிடம் என்ன சொல்ல? அதன்பிறகு டார்ச்சைக் காசுக்குப் பக்கவாட்டில் தாழ்த்திப் பிடித்து, பல கோணங்களில் படம் எடுத்து, ஏ4 தாளில் பெரிதாக அச்சடித்து, மேலே டிரேசிங் தாளை வைத்து வரைய ஆரம்பித்தேன். யோசித்தால், விபூதி விபத்து நடக்காவிட்டால் இந்த நல்ல முறைக்கு நான் வந்திருக்கவே மாட்டேன்.

அரசன் யார் என்பதுதான் சுலபம். சாசானிய அரசர்கள் 224 முதல் 651 வரை ஆண்டவர்கள். ஒவ்வொருவருக்கும் தனிக் கிரீடம். முதலாம் ஷாபூருக்குக் கோட்டைமதில் மாதிரி, முதலாம் பஹ்ராமுக்குக் கதிர்கள், இரண்டாம் பஹ்ராமுக்கு இறக்கைகள். ராபர்ட் கோபல் என்ற ஆஸ்திரிய அறிஞர் இந்தக் கிரீடங்களை வைத்தே வரிசை கட்டினார். என் காசில் கிரீடத்தின் இருபுறமும் விரித்த இறக்கை, உச்சியில் பிறை, நட்சத்திரம். முகத்துக்கு எதிரே பெயர்: குஸ்ரோ. சரி, அட்டை முதல் கேள்வியில் பாஸ்.

தலைக்குப் பின்னால் இருந்த இரண்டு சொற்களில்தான் மாட்டிக்கொண்டேன். அந்தக் காலப் பாரசீக எழுத்தான பஹ்லவியை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். 'ந', 'வ', 'ர' மூன்றும் ஒரே குத்துக்கோடுதான். எது எது என்று சொல்லைத் தெரிந்தவர்தான் சொல்ல முடியும். அது போதாதென்று சில சொற்களை அரமாயிக் என்ற வேறொரு பழைய மொழியில் எழுதிப் பாரசீகத்தில் படிப்பார்கள். அரசன் என்பதற்கு 'மல்கா' என்று எழுதி 'ஷா' என்று வாசிப்பார்கள். இதைப் படித்தபோது முதலில் எரிச்சலாகத்தான் இருந்தது. அப்புறம் தாத்தாவின் பழைய பத்திரங்கள் ஞாபகம் வந்தன. அவற்றில் ௵ என்று ஒரு குறி இருக்கும். படிக்கும்போது வாய் 'வருஷம்' என்று சொல்லும். நமக்கு ௵ எப்படியோ அவர்களுக்கு 'மல்கா' அப்படி.

அந்த இரண்டு சொற்களில் முதலாவது 'கதா' என்று எழுதப்பட்டிருக்கிறது. அரமாயிக்கில் அதிர்ஷ்டம் என்று பொருள். வாசிக்க வேண்டியதோ 'குவர்ரா'. இரண்டாவது 'அப்ஸூத்', பெருகியது. சேர்த்தால் "குவர்ரா பெருகியது."

குவர்ரா என்னவென்று தேடப் போய் மூன்று வாரம் நாணயத்தையே தொடவில்லை. அரசாளும் தகுதியாக வானத்திலிருந்து வந்து ஒருவன்மேல் தங்கும் ஒளி அது. ஜொராஸ்டிரியர்களின் புனித நூலான அவெஸ்தாவின் 19ஆவது யஷ்தில், அதாவது துதிப்பாடலில், கதை வருகிறது. யிமா என்ற அரசன் பொய் பேசத் தொடங்கியதும் அந்த ஒளி ஒரு வேட்டைப் பறவையின் உருவில் அவனை விட்டு மூன்று முறை பறந்து போகிறது. ஒருமுறை மித்ராவும், ஒருமுறை திரேதவோனாவும், ஒருமுறை கெரெசாஸ்பாவும் அதைப் பெறுகிறார்கள். யிமாதான் வேதத்தின் யமன், பின்னாளில் பாரசீகக் காவியமான ஷாநாமாவின் ஜம்ஷீத். அங்கே அரசை இழக்கிறவன், இங்கே எருமையேறிக் கயிறோடு வருகிறான்!

கிரீடத்து இறக்கையும் சும்மா அழகுக்கு இல்லை. அது வெற்றித் தெய்வமான வெரெத்ரக்னாவின் அடையாளம் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட விளக்கம். 14ஆவது யஷ்தில் அவன் பத்து வடிவங்களில் வருகிறான்: காற்று, காளை, குதிரை, ஒட்டகம், காட்டுப்பன்றி என்று போய் ஏழாவதாக அதே வேட்டைப் பறவை. பத்து வடிவம், அதில் பன்றி என்றதும் நமக்குத் தசாவதாரம்தான் ஞாபகம் வரும். அதற்கும் இதற்கும் முடிச்சுப் போட நான் தயாரில்லை. ஆனால் பெயர், இந்திரனுக்கு வேதம் தரும் 'விருத்ரஹன்' என்பதன் உடன்பிறப்பு, அதில் சந்தேகமில்லை.

குஸ்ரோ 590இல் பட்டத்துக்கு வந்த உடனேயே பஹ்ராம் சோபின் என்ற தளபதி கலகம் செய்து அவரைத் துரத்திவிட்டார். ரோமப் பேரரசர் மொரீஸின் படை உதவியோடு 591இல்தான் திரும்பினார். இறக்கைக் கிரீடமும் "குவர்ரா பெருகியது" என்ற வாசகமும் அவர் காசில் வருவது இரண்டாம் ஆட்சியாண்டிலிருந்து. ஒளி பறந்து போய்த் திரும்பி வந்திருக்கிறது என்று ஊருக்குச் சொல்லவேண்டிய தேவை அவருக்கு இருந்தது என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

பின்பக்கம்: நடுவில் நெருப்புப் பீடம், இருபுறமும் காவலர்கள். வலது ஓரத்தில் அக்கசாலைக் குறி (காசு அடித்த இடத்தின் குறி), இடது ஓரத்தில் ஆண்டு. அக்கசாலை ஒரே நாளில் முடிந்தது. ப், ய், ஷ் என்று மூன்றெழுத்து; பார்ஸ் பகுதியிலுள்ள பிஷாபூர், ஷாபூர் கட்டிய ஊர். எல்லாக் குறிகளும் இப்படிச் சமர்த்தாக இருக்காது. 'வ்-ய்-ஹ்-ச்' என்ற குறி எந்த ஊர் என்று அறிஞர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள்.

ஆண்டுதான் ஐந்து மாதம் சாப்பிட்டது. பத்து வரை எண்களை அரமாயிக்கில் எழுதுகிறார்கள், பதினொன்றிலிருந்து பாரசீகம். அதிலும் ஒற்றைப்படை முன்னால், பத்து பின்னால். 'இருபத்தேழு' என்று நாம் சொல்வதை அவர்கள் 'ஏழிருபது' என்று எழுதுவார்கள். முதல் பாதி 'ஹஃப்த்' என்பது தெளிவு. சமஸ்கிருத 'சப்த'வில் ச போய் ஹ வந்தால் அதுதான். மும்பை தாதா படங்களில் ஹஃப்தா வசூல் என்பார்களே, அந்த வாரக்கணக்கும் இதே ஏழுதான். இரண்டாம் பாதியில் 'வீஸ்த்' என்றிருந்தால் 27, 'சிஹ்' என்றிருந்தால் 37. சரியாக அந்த இடத்தில்தான் என் காசு தேய்ந்திருக்கிறது.

அட்டையை நம்பி 37 என்றே வைத்துக்கொண்டேன். நம்ப ஆசையாகவும் இருந்தது. ஆட்சியின் 37ஆம் ஆண்டு என்றால் 626–27. பாரசீகப் படை ரோமத் தலைநகர் கான்ஸ்டான்டிநோபிளுக்கு எதிர்க்கரையில் நின்ற கோடை அது. அடுத்த வருஷம் டிசம்பரில் நினிவேயில் ரோமப் பேரரசர் ஹெராக்ளியஸிடம் தோல்வி, 628இல் மகனாலேயே குஸ்ரோவின் கதை முடிகிறது. அணையப் போகிற விளக்கின் காசு என்று நண்பர்களிடமெல்லாம் அளந்துவிட்டேன்.

ஆனால் டிரேசிங் தாள் ஒத்துவரவில்லை. அமெரிக்க நாணயவியல் சங்கமும் பிரிட்டிஷ் மியூசியமும் இணையத்தில் வைத்திருக்கும் படங்களில் இரண்டு ஆண்டுகளின் காசுகளையும் தேடி எடுத்து, ஒரே அளவுக்கு அச்சடித்து, ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்தேன். 'சிஹ்' என்று வைத்தால் என் காசில் ஒரு கோடு மிச்சம் வந்தது. 'வீஸ்த்' என்று வைத்தால் எல்லாம் உட்கார்ந்தது. பதினோரு முறை வரைந்தேன். ஒன்பது முறை 27.

27 என்றால் 616–17. ஜெருசலேம் 614இலேயே பாரசீகரிடம் விழுந்துவிட்டது, அலெக்சாண்ட்ரியாவுக்கு இன்னும் இரண்டு மூன்று வருஷம். அதாவது குஸ்ரோ உச்சத்தை நோக்கி ஏறிக்கொண்டிருந்த நேரம். ஒரு குத்துக்கோட்டில் விளக்கு அணைவது போய் எரிவது ஆகிவிட்டது. முதலில் ஏமாற்றம்தான். அளந்துவிட்டதையெல்லாம் நண்பர்களிடம் திரும்பப் பெற வேண்டியிருந்தது.

நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பரங்கிமலைக்குப் போய்வந்தேன். 1547இல் அங்கே தோண்டியபோது கிடைத்த கற்சிலுவையைச் சுற்றி ஓடுவதும் பஹ்லவிதான். காசு எழுத்தைப் பழகியவனுக்கு இது வருமென்று தைரியமாகப் போனேன். கல்லில் இருப்பது இன்னும் கூட்டிழுத்த எழுத்து. நாலைந்து எழுத்துக்குமேல் பிடிபடவில்லை. காற்று நன்றாக இருந்தது.

இப்போது ஒரு நண்பர் வேறொரு காசின் படம் அனுப்பியிருக்கிறார். அதே இறக்கைக் கிரீடம், அதே முகம், அதே நெருப்புப் பீடம். ஆனால் முன்பக்க ஓரத்தில் அரபியில் 'பிஸ்மில்லா'. சாசானியர் போன பிறகும் அரபு ஆளுநர்கள் பழைய அச்சையே தொடர்ந்திருக்கிறார்கள். ஆண்டு இருக்கும் இடத்தில் 'சிஹ்' எனக்குச் சட்டென்று தெரிந்துவிட்டது, தேய்மானமே இல்லை. ஆனால் இந்தக் காசுகளில் ஆண்டு ஹிஜ்ரியாகவும் இருக்கலாம், கடைசிச் சாசானிய அரசன் யஸ்தகிர்தின் ஆட்சியாண்டுக் கணக்காகவும் இருக்கலாம். டிரேசிங் தாள் தீர்ந்துவிட்டது. நாளைக்கு வாங்க வேண்டும்.