லென்ஸ் மேல் பழி

மூன்று மாதமாக சிடி பிளேயர் எதைப் போட்டாலும் ‘நோ டிஸ்க்’ என்றே சொல்லிக்கொண்டிருந்தது. வட்டைப் படிக்கும் லேசரின் லென்ஸைத் துடைத்துத் துடைத்துக் கை வலித்ததுதான் மிச்சம். கடைசியில் பார்த்தால், வட்டைச் சுழற்றும் குட்டி மோட்டார்தான் ஆள். உள்ளே சுழலும் பகுதிக்கு மின்சாரத்தைக் கடத்தும் பிரஷ் தேய்ந்துவிட்டது. விரலால் சுண்டிவிட்டால் ஓடும், இல்லையென்றால் நிற்கும். சிடி உள்பக்கத்திலிருந்து வெளியே படிக்கப்படுவது. தொடக்கத்தில் நிமிடத்துக்குச் சுமார் 500 சுற்று, விளிம்புக்கு வரும்போது 200. எடுத்த எடுப்பிலேயே அந்த வேகத்தைப் பிடிக்க முடியாமல் மூச்சு வாங்கியிருக்கிறது, பாவம்.

மாற்றுவது பெரிய வித்தையில்லை. இரண்டு ஸ்க்ரூ, இரண்டு இடத்தில் சால்டரிங், அவ்வளவுதான். சோதனை எங்கே என்றால், தண்டில் இறுகி உட்கார்ந்திருக்கும் வட்டுத் தட்டைக் கழற்றி, புது மோட்டாரில் அதே உயரத்தில் ஏற்றுவதில். ரொம்ப மேலே கீழே போனால் லேசருக்கு ஃபோகஸ் கிடைக்காது. நல்லவேளை, கழற்றும் முன்பே இடைவெளியை அளந்து உள்ளங்கையில் எழுதியிருந்தேன் (காகிதம் தேடப் பொறுமையில்லை). சுத்தியல் பக்கமே போகவில்லை. கட்டைவிரலால் அழுத்தி, அளந்து, மறுபடி அழுத்தி... அதற்கே அரை மணி நேரம்.

மூடியைப் போட்டு ஒரு சிடியை வைத்தேன். விர்ரென்று ஒரு சத்தம், அப்புறம் திரையில் 12 பாட்டு. அப்பாடா!

உள்ளங்கையில் எழுதிய எண்தான் இன்னும் அழியவில்லை.