தொட்டிக்கரி எப்போது ஆக்டிவேட்டட் கார்பன் ஆகிறது?

கொடைக்கானல் கீழ்மலையில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் காபித் தொலி தோட்டத்திலேயே குவிந்து கிடக்க, தண்ணீர் வடிகட்டும் ஆக்டிவேட்டட் கார்பன் செய்யக் கீழேயிருந்து தேங்காய்த் தொட்டியை (சிரட்டையை) ஏன் ஏற்றி வர வேண்டும் என்று கேட்பார்கள். தொலிக்கரி விரலில் தேய்த்தாலே மாவாகி, வடிகட்டியில் தண்ணீரோடு ஓடிவிடும். தொட்டிக்கரிதான் கெட்டி.

நாரைச் சுரண்டிவிட்டு இரண்டு விரல் அகலத்துக்கு உடையுங்கள். ஐப்பசி, கார்த்திகை மூடுபனியில் வெயிலை நம்ப முடியாது, அடுப்புப் பரணில்தான் காய வைக்க வேண்டும். ஈரம் இருந்தால் பாதி விறகு அதற்கே போய்விடும். அடியில் நாலைந்து துளை போட்ட டின்னில் அடைத்து, மூடியை இறுக்கி, 200 லிட்டர் டிரம்முக்குள் வைத்துச் சுற்றிலும் எரியுங்கள். துளையில் எரியும் வாயு அடங்கினால் கரி தயார். 10 கிலோ தொட்டிக்கு இரண்டரை, 3 கிலோ தேறும். சிமெண்டுத் தரையில் போட்டால் ணங்கென்று ஒலிக்க வேண்டும். தார் வாடை அடித்தால் வேகவில்லை.

பலர் இதோடு நிறுத்தி, இதையே ஆக்டிவேட்டட் கார்பன் என்கிறார்கள். இது வெறும் கரி. இதன் நுண்துளைகளைத் திறப்பது நீராவி, அதுவும் 850, 900 டிகிரியில். அந்தச் சூட்டில், கரியை அடைத்து ஆவி விடும் எவர்சில்வர் குழாய் ஆரஞ்சு கலந்த சிவப்பாகத் தெரியும். மங்கிய சிவப்பு போதாது, மணிக்கணக்கில் ஆவி விட்டாலும் கரி அப்படியேதான் இருக்கும். சாதா இரும்புக் குழாய் செதில் செதிலாக உதிர்ந்துவிடும்.

நீராவி கரியை அரித்துத்தான் துளைகளைத் திறக்கிறது. 1 கிலோ கரியில் அரைக் கிலோ இப்படிக் கரைய, கணக்குப்படி முக்கால் லிட்டர் தண்ணீர். நிறைய ஆவி வேலை செய்யாமலே வெளியேறும் என்பதால், ஒன்றரை லிட்டரை இரண்டு மூன்று மணி நேரத்தில் ஆவியாக விடுங்கள். இந்த வினை சூட்டை உறிஞ்சும், நெருப்பைத் தணிய விடாதீர்கள். அளவு மீறினால் துளைகள் ஒன்றோடொன்று சேர்ந்து கரி நொறுங்கும். ஆவி விடும் நேரம் முழுக்கக் குழாயின் மறுமுனை திறந்திருக்கட்டும், அடைத்தால் வெடிக்கும். அங்கே வருவது கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும். பனிக்குப் பயந்து கொட்டகைக்குள் மட்டும் செய்யவே செய்யாதீர்கள், உயிர் போய்விடும். முடிந்ததும் காற்றுப் புகாமல் மூடி, முழுக்க ஆறிய பிறகே திறக்க வேண்டும். சூட்டோடு திறந்தால் பற்றிக்கொள்ளும்.

கழுவும் தண்ணீர் தெளியும்வரை வெந்நீரில் அலசுங்கள். மீன் தொட்டிக் கடையில் விற்கும் மெத்திலீன் புளூ என்ற நீலச் சாயத்தை இரண்டு டம்ளர் தண்ணீரில் சொட்டு சொட்டாகக் கலந்து, ஒன்றில் சாதாக் கரிப்பொடி, மற்றதில் இது, ஒவ்வொரு ஸ்பூன் போட்டுப் பத்து நிமிடம் குலுக்கி வடிகட்டுங்கள். நீலம் எதில் வெளுத்தது என்று கண்ணுக்கே தெரியும்.

குளோரின், வாடை, பூச்சிமருந்தில் ஒரு பகுதி ஆகியவற்றை இது பிடிக்கும். உப்பையும் ஃபுளோரைடையும் பிடிக்காது. கிருமியைக் கொல்லாது, கரியிலேயே கிருமி வளரவும் செய்யும். அதனால் சுனைத் தண்ணீரை வடிகட்டிய பிறகுதான் கொதிக்க வைக்க வேண்டும்.