டெக்ஸ்ட்கிரிட் கோப்பை அட்டவணையாக்கும்போது

பேச்சொலியை ஆராய உதவும் பிராட் (Praat) மென்பொருளில், ஒலிப்பதிவின் எந்த நேரத்தில் எந்தச் சொல், எந்த ஒலி என்று லேபிள் போட்டுச் சேமிக்கும் கோப்புதான் டெக்ஸ்ட்கிரிட் (TextGrid). அதைப் பைத்தானில் படிக்கிறவர்கள் முதலில் என்கோடிங்கை, அதாவது எழுத்துகள் பைட்டுகளாகச் சேமிக்கப்பட்டிருக்கும் முறையைப் பாருங்கள். பிராட்டின் இயல்பு அமைப்பில், லேபிள்கள் வெறும் ஆங்கில எழுத்தாக இருந்தால் கோப்பு ஆஸ்கியாகச் சேமிக்கப்படும். ஒரே ஒரு 'ழ' நுழைந்தால் போதும், யுடிஎஃப்-16. ஒரே ஃபோல்டரில் இரண்டும் கலந்து கிடக்கும். யுடிஎஃப்-16 என்றால் கோப்பின் முதல் 2 பைட்டில் அதற்கான குறி இருக்கும், அதைப் பார்த்துவிட்டுத் திறவுங்கள்.

அட்டவணையில் ஒரு இன்டர்வலுக்கு (லேபிள் போட்ட ஒரு நேரத்துண்டுக்கு) ஒரு வரிசை: கோப்பு, டியர் (சொல், ஒலியன் போன்ற லேபிள் அடுக்கு), தொடக்கம், முடிவு, லேபிள். ஒற்றை நேரப்புள்ளிகளுக்கு லேபிள் போடும் பாயின்ட் டியரில் முடிவு நேரமே கிடையாது, அதைத் தனி அட்டவணையில் வையுங்கள். சேர்த்துப் போட்டால் கால அளவு பூஜ்யமாகிச் சராசரி கெடும். காலி லேபிளை அவசரப்பட்டு நீக்காதீர்கள். பெரும்பாலும் அதுதான் இடைநிறுத்தம்.

கோப்பை வரிவரியாகப் படிக்கும் ரெஜெக்ஸ் (எழுத்து வடிவத்தைத் தேடும் கோவை) ஒருநாள் காலை வாரும். லேபிளுக்குள் வரும் இரட்டை மேற்கோள் குறி கோப்பில் இரண்டு முறை எழுதப்படும். லேபிளே இரண்டு வரிக்கு நீளவும் செய்யும்.

சொல் டியரையும் ஒலியன் டியரையும் இணைப்பதில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். 'பழம்' 1.62 நொடியில் முடிகிறது, அதன் 'ம்' 1.6200001இல் முடிகிறது என்று வையுங்கள். எல்லைகளை ஒப்பிட்டால் அந்த 'ம்' எந்தச் சொல்லிலும் சேராது. ஒலியனின் நடுப்புள்ளி எந்தச் சொல்லுக்குள் விழுகிறது என்று பாருங்கள், சிக்கல் தீர்ந்தது.

இதேபோல் லேபிள் போடும் இன்னொரு மென்பொருளான ஈலானின் (ELAN) கோப்பு என்றால் நேரம் மில்லிநொடியில் இருக்கும். நொடியாக்க 1000ஆல் வகுக்க மறக்காதீர்கள்.