செம்பு மூடியும் அடைப்புக்குறிக் கணக்கும்

குறோசே (கொக்கி ஊசிப் பின்னல்) பற்றன் ஒன்று, அதாவது எப்படிப் பின்னுவது என்று எழுதிய குறிப்பு, கையில் கிடைத்தால், இப்போதெல்லாம் வரிசையின் கடைசியிலிருந்துதான் வாசிக்கத் தொடங்குகிறேன். அங்கே அடைப்புக்குறிக்குள் ஒரு எண் இருக்கும். 18 என்று போட்டிருந்தால், அந்தச் சுற்று முடியும்போது 18 பின்னல் இருக்க வேண்டும். முந்தின சுற்றின் கடைசியில் 12. ஆக, இந்தச் சுற்றில் 6 கூடுகிறது. இது தெரிந்த பிறகு நடுவில் கிடக்கும் சுருக்கெழுத்துக்குப் போனால் பாதி தானாகவே விளங்கிவிடும்: நட்சத்திரக் குறி, 1 எஸ்சி, 1 இன்க், மறுபடி நட்சத்திரக் குறி, 6 தடவை. இரண்டு குறிக்கும் நடுவில் உள்ளதை ஆறு தடவை பின்ன வேண்டும். எஸ்சி என்றால் சிங்கிள் குறோசே, ஒரு குட்டைப் பின்னல். இன்க் என்றால் ஒரே இடத்தில் இரண்டு பின்னி ஒன்றைக் கூட்டுவது. ஒரு தடவைக்குப் பழைய பின்னல் 2 செலவாகிறது, புதிதாக 3 வருகிறது. ஆறு தடவைக்கு 12 செலவு, 18 வரவு. சரி, கணக்குப் பொருந்துகிறது, இனி ஊசியை எடுக்கலாம்.

இதைச் சொல்லித் தந்தது பக்கத்து வீட்டு மாமி. "முதல் எண்ணிப் பார் பிள்ளை, பிறகு பின்னு. அவசரப்பட்டால் நூல்தான் நாசம்" என்பார். யூரியூப் கையைப் பழக்கித் தந்தது உண்மை. ஊசியை எப்படிப் பிடிப்பது, நூலை எந்த விரலில் சுற்றுவது என்பதையெல்லாம் எழுத்தில் படித்து விளங்கிக்கொள்வது கஷ்டம். ஆனால் வீடியோவை நிறுத்தி, பின்னால் இழுத்து, மறுபடி ஓடவிட்டுப் பின்னுகிறவரைக்கும் நாம் இன்னொருவர் கையைப் பார்த்துத்தான் செய்கிறோம். பற்றன் வாசிக்கத் தெரிந்தால் கரண்ட் போன பின்னேரத்திலும் வாசற்படியில் இருந்து பின்னலாம்.

அடுத்த சிக்கல் மாமிக்கும் வீடியோவுக்கும் நடுவில் வந்தது. மாமி "ட்ரெபிள்" என்று சொல்லிப் பின்னிக் காட்டியதை வீடியோவில் "டபிள்" என்றார்கள். இரண்டு பேரும் சரிதான். ஊசியில் நூலை ஒருமுறை சுற்றி, கண்ணிக்குள் விட்டு இழுத்தால் ஊசியில் மூன்று கண்ணி நிற்கும். நூலைப் பிடித்து இரண்டுக்குள்ளால் எடுத்து, மறுபடி பிடித்து மிச்ச இரண்டுக்குள்ளால் எடுத்தால் பின்னல் முடிந்தது. அமெரிக்க முறையில் இது டபிள், பிரித்தானிய முறையில் ட்ரெபிள். அமெரிக்கர் சிங்கிள் என்பதுதான் பிரித்தானியருக்கு டபிள். ஒன்றை மற்றதென்று நினைத்துப் பின்னினால் உயரம் மாறும், நூல் கணக்கும் மாறும், உருவமே வேறாகிவிடும்.

எந்த முறை என்று பற்றனில் எழுதாமல் விட்டிருந்தாலும் கண்டுபிடிக்கலாம். சிங்கிள் என்ற சொல் கண்ணில் பட்டால் அது அமெரிக்கப் பற்றன். இன்றைய பிரித்தானியப் பற்றனில் சிங்கிள் கிடையாது. ஒரு பின்னலைத் தாண்டச் சொல்லும் இடத்தில் அமெரிக்கர் "ஸ்கிப்" என்பார்கள், பிரித்தானியர் "மிஸ்" என்பார்கள். யாழ்ப்பாணத்தில் இதை ஆளைப் பார்த்து ஊகிக்கவும் முடியாது. ஆண்டது பிரித்தானியர், உடுவிலில் 1824இல் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் தொடங்கியது அமெரிக்க மிஷன். எந்த மாமிக்கு எந்த ட்ரெபிள் தெரியும் என்று யார் கண்டது? பின்னிக் காட்டச் சொல்லிக் கேட்பதே நல்லது.

துவக்கக்காரர் பின்னும் சதுரம் மேலே போகப் போக ஏன் கூம்புகிறது என்பதற்கும் விடை அந்தக் கடைசி எண்ணில்தான் இருக்கிறது. அமெரிக்க டபிளில் வரிசை திரும்பும்போது போடுகிற 3 சங்கிலி (ஊசியிலுள்ள கண்ணிக்குள்ளால் நூலை இழுத்துப் போடும் வெறும் கண்ணிகள்) பெரும்பாலும் ஒரு பின்னலாகவே கணக்கில் சேரும். அதனால் புது வரிசையின் முதலாவது பின்னல் இரண்டாவது இடத்தில் விழ வேண்டும். கடைசிப் பின்னல் போன வரிசையின் மூன்று சங்கிலியின் உச்சியில் விழ வேண்டும். அந்த உச்சி ஓரத்தில் ஒட்டிக்கொண்டு, பின்னலே இல்லாத மாதிரி ஒளிந்து நிற்கும். அதில் ஒரு சேப்டி பின்னைக் குத்தி வைத்தால் தப்பாது. சிங்கிளுக்குப் போடும் 1 சங்கிலியைப் பெரும்பாலும் எண்ணுவதில்லை. விதிவிலக்கு இருந்தால் பற்றனின் தலைப்பிலேயே எழுதியிருப்பார்கள். அந்தத் தலைப்புப் பத்தியை ஒருவரும் வாசிப்பதில்லை என்பது வேறு கதை.

நூல் விஷயம் சுருக்கமாக. கனடாவிலிருந்து சித்தி கொண்டுவந்த அக்ரிலிக் உருண்டைகளில் பழகினேன். லேபிளில் 5 மில்லிமீற்றர் ஊசி என்று போட்டிருந்தது, கண்ணிகள் பெரிதாக வடிவாகத் தெரியும், பழகுவதற்கு நல்லது. ஆனால் காண்டாவன வெயிலில் வியர்த்த கையோடு அக்ரிலிக் பின்னுவது ஒரு தண்டனை. நூல் ஊசியில் வழுக்காது, கிறீச்சிடும். அதோடு இந்த ஊரில் கம்பளித் தொப்பியை யார் போடப்போகிறார்கள்? அதனால் சந்தைப் பக்கத்துத் தையற்சாமான் கடையில் பருத்தி நூல் வாங்கி, மாமியின் மெல்லிய உருக்கு ஊசிக்கு மாறிவிட்டேன். உருக்கு ஊசியின் நம்பர் கூடக் கூட ஊசி மெலியும், அதனால் நம்பரை விட்டு மில்லிமீற்றரையே பார்க்கிறேன்.

இப்போது பின்னுவது தண்ணீர்ச் செம்புக்கு மேலே போடுகிற வட்ட மூடி, ஓரத்தில் மணி தொங்கும் வகை. மாமியிடம் அதற்கு எழுத்துப் பற்றன் இல்லை, பழைய மூடி ஒன்றுதான் இருந்தது. அதை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து எண்ணினேன். நடு வளையத்தில் 12 ட்ரெபிள் (மாமியின் மூடி, மாமியின் கணக்கு), பிறகு 24, 36, 48, 60, 72. சுற்றுக்குச் சுற்று 12 கூடுகிறது, அதனால்தான் மேசையில் தட்டையாகக் கிடக்கிறது. குறைவாகக் கூட்டினால் கிண்ணம் மாதிரிக் குழியும், அதிகமாகக் கூட்டினால் ஓரம் அலையும். எண்ணியதை வரைபடமாகவும் கொப்பியில் கீறிவைத்தேன்: சங்கிலிக்கு நீள்வட்டம், ட்ரெபிளுக்குத் தலையில் கோடு வைத்து, தண்டில் ஒரு குறுக்குக்கோடு போட்ட கம்பம். ஜப்பான்காரரின் பற்றன்கள் பெரும்பாலும் இப்படிப் படமாகவே வருவதால் மொழி தெரியாமலும் அவற்றைப் பின்னலாம்.

ஓரம்தான் மிச்சம். இரண்டு பின்னலை விட்டு மூன்றாவதில் பிடிக்கிற வளைவுகள், 72க்கு 24 வரும். வளைவுக்கு ஒரு மணி என்றால் 24 மணி. மணியைப் பின்னலோடு சேர்த்தே பின்னப்போகிறேன், அதனால் ஓரச் சுற்றைத் தொடங்கும் முன்பே 24ஐயும் நூலில் ஏற்றிவிட வேண்டும். மணியின் துளை நூலுக்குப் போதுமா என்று பார்க்க, ஒரு துண்டு நூலோடு நாளைக்குக் கடைக்குப் போகிறேன்.