அப்பாவின் ஈயக்குண்டு

ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் அப்பா கயிற்றில் ஈயக்குண்டைக் கட்டி இறக்கித்தான் கடலின் ஆழம் பார்ப்பார். தம்பியின் விசைப்படகில் இப்போது எதிரொலியை வைத்து ஆழத்தைத் திரையில் காட்டும் எக்கோ சவுண்டர் இருக்கிறது.

அந்தத் திரையைப் பார்த்தாலே எனக்கு ஹரால்ட் எட்ஜர்ட்டன் நினைவு வரும். அமெரிக்காவின் எம்.ஐ.டி. பேராசிரியர். 1953 முதல் பிரெஞ்சுக் கடல் ஆய்வாளர் கூஸ்தோவுடன் சேர்ந்து ஆழ்கடலைப் படமெடுத்தவர். கேமரா தரையில் இடித்தால் சேறு கலங்கிவிடும். இருட்டில் தூரம் எப்படித் தெரியும்? ஒலியை அனுப்பி எதிரொலியை அளந்தார். எதிரொலிக் கருவி முன்பே உண்டுதான். ஆனால் இவருடைய ஒலி சேற்றுக்குள் புகுந்து அடியிலுள்ள மண் அடுக்குகளையும் காட்டியது! கடல்நீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர் ஓடும். 10 மீட்டர் ஆழம் போய்வர 0.013 நொடிதான்.

அப்பாவிடம் சொன்னேன். "சரி, குண்டில் ஒட்டி வரும் சேறு என்ன நிறம்னு அது சொல்லுமா?" என்று கேட்டார்.